ஒழுக்கம் சார்பினால் அமைதல்

ஒழுக்கம் என்னும் சொல் ஒழுகுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது. ஒழுகுதலாவது இடையறாது நீண்டு செல்லுதல். ஒருநாட் செய்த நற்செயலை ஒருவரும் ஒழுக்கம் என்னார்; ஒருநாட் செய்த பிழை கொண்டு ஒருவனை முற்றும் தள்ளுதலும் அறிவுடையார் செயலன்று. நாடோறும் நிகழ்ந்து, முதலில் நினைந்து செய்யப்பட்டுப் பின்னர் நினையாமலே செய்யப்படுவதாய், உடம்பினும் உள்ளத்தினும் தடமிட்டு ஓடுவது எதுவோ அதுவே ஒழுக்கம். அதற்கு ஆற்றினும் பொருத்தமான உவமை பிறிதில்லை. ஆறு முதற்கண் தனக்கொரு வழியைத் தேடுகின்றது. பின்னர் அவ்வழியே ஆற்றை நடத்துகின்றது. மக்கட் பழக்கமும் அன்னதே.

இதனைக் கண்ணாரக் காண்டற்குரிய ஊர்களுள் ஒன்று வடக்கனந்தல். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், நெல்லும் கரும்பும் விளையும் நிலத்தில் அமைந்தது அவ்வூர். அம்மலையிற் பிறந்துவரும் கோமுகியாறு முன்னெல்லாம் மழை பெய்தபொழுது தான் வேண்டியவாறு பெருகிற்று; பெய்யாதபொழுது வற்றிற்று. 1960-களில் கச்சிராயபாளையத்தை அடுத்து அதன் குறுக்கே அணை எழுந்தது. அவ்வணை நீரை அழித்ததில்லை. நீரின் இயல்பை மாற்றியதுமில்லை. அது செல்லும் வழியை மட்டும் மாற்றியது. கட்டற்று ஓடிய வெள்ளமே கால்வாய் வழியாகப் புகுந்து பயிரை வளர்ப்பதாயிற்று.

அப்பயிர்களுள் ஒன்றாகிய கரும்பைக் கருதுக. கரும்பின் சாறு காய்ச்ச வெல்லமாகின்றது. அவ்வெல்லம் மார்கழி வைகறையிற் சிவாலயத்து மடைப்பள்ளியிற் புகுமாயின் திருவமுதாகின்றது. அதுவே மலையிடுக்கில் மரப்பட்டையோடு கூடி ஊறற்பானையிற் புகுமாயின் சாராயமாகின்றது. வெல்லத்தின்கண் வேற்றுமை சிறிதுமில்லை. அது சார்ந்த பொருளின்கண்ணேதான் வேற்றுமையுளது. மக்கள் நல்லொழுக்கம் பெறுவதும் தீயொழுக்கம் பெறுவதும் யாங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை இச்சிறு பொருளின்கண் ஒருவாறு அடங்கியுள்ளது. அவ்விடையை விரித்து ஆராய்தல் வெறும் நூலாராய்ச்சியன்று. உயிர்களின் வாழ்வையும் சாவையும் பற்றியது.

2024-ஆம் ஆண்டு சூன் திங்களிற் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயத்தைப் பலர் அருந்தினர். மெத்தனால் தொழிற்சாலைகளுக்கு உரியது, குடிப்பதற்குரிய பொருளன்று. உடம்பினுட் சென்றபின் அது கடிய அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை முதலிற் கெடுத்து, பின்னர் மூச்சையும் அறிவையும் அடக்குவது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் நோயாளராற் பெருகின. இறந்தோர் அறுபதின் மேற்பட்டனர். அவருட் பெண்டிரும் உளர். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த சிறுவரும் உளர். பலருடைய உடலங்கள் ஒரே நாளிற் கோமுகியாற்றங்கரையில் எரியூட்டப்பட்டன. முதலில் இறந்தவர் வீட்டுத் துக்கத்திற்கு வந்தோருட் சிலர் ஆங்கும் அச்சாராயத்தையே அருந்தினர் எனச் செய்தித்தாள்கள் உரைத்தன. சாவின் காரணம் அறியாமற் சாவுவீட்டிலேயே அதனைப் பருகினார் என்பது எத்துணைக் கொடுமை! துக்கம் வந்தாலும் குடி, களிப்பு வந்தாலும் குடி, கைகால் நொந்தாலும் குடி என்று வழி பதிந்துவிட்டபின், கால்கள் அவ்வழியே செல்லுமன்றி வேறுவழி அறியா.

இந்நிகழ்ச்சியைக் கேட்டோர் கூறியன மூவகைப்படும். அவரவர் தலைவிதி என்றனர் ஒரு சாரார். அவரவர் மனவுறுதியின்மை என்றனர் மற்றொரு சாரார். விற்றவர் குற்றமே முழுவதும் என்றனர் பிறிதொரு சாரார். மூன்றனுள்ளும் உண்மையின் கூறு உண்டு. எனினும் ஒன்றேனும் முழு உண்மையன்று. அவற்றை முறையே ஆராய்வதற்குமுன் உயிரின் இயல்பு இன்னதெனத் துணிதல் வேண்டும்.

உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தனக்கென நிறமின்றித் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும். கண் இருளிற் கிடந்தால் இருளாகவும் ஒளியிற் கலந்தால் ஒளியாகவும் நிற்கும். அவ்வாறே உயிரும் பாசத்தைச் சார்ந்தவழிப் பாசமாகவும் பதியைச் சார்ந்தவழிப் பதியின் வண்ணமாகவும் விளங்கும். இதுபற்றியே உயிரைச் சதசத்து என்றனர். இவ்வுண்மையைச் சிவஞானபோதத்தில் நிறுவியருளிய மெய்கண்டதேவர் விளங்கியது பெண்ணையாற்றுப் பாங்கரில் உள்ள திருவெண்ணெய்நல்லூர். அது கள்ளக்குறிச்சியோடு ஒரு நிலமாகிய நடுநாட்டு ஊரே. வள்ளுவனாரும் நீர் தான் சேர்ந்த மண்ணின் தன்மையை அடைதலைக் காட்டி, மாந்தரறிவு இனத்தின் வழிப்பட்டதென்று சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் உணர்த்தினார். கோமுகியின் நீரை மலையடிவாரத்திற் கண்டு, பின் ஊர்க்கழிவு கலக்கும் இடத்திலும் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டாம்.

அற்றேல், ஆணவம் உயிரோடு உடன்பிறந்ததாயிற்றே, செம்பிற் களிம்புபோல் ஒட்டியதாயிற்றே, தீயொழுக்கம் இயற்கையென்றே கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாகாது. ஆணவம் ஒன்றே சகசமலம். ஏனைய மாயையும் கன்மமும் இடையில் வந்து கூடிய ஆகந்துகம். ஆணவம் உயிரின் அறிவை மறைத்து நிற்குமேயன்றி, இக்கலத்தில் இம்மதுவை வார்த்து இந்நேரத்தில் அருந்துக என்று கற்பிப்பதன்று. இருள் ஒருவனை இடறச் செய்யும். இன்ன கல்லில் இடறுக என்று அது குறிப்பதில்லை. குடி, சூது, பொய், சோம்பல், தூய்மையின்மை ஆகிய இவை யாவும் கற்கப்பட்டன. கற்கப்பட்டன ஆதலின் விடுக்கப்படுதற்கும் உரியன. பிறந்த குழவியைக் குடியனென்று எவரும் கண்டதில்லை.

யாங்ஙனம் கற்கப்பட்டன? சொல்லக் கேட்டுக் கற்றன சில. செய்யக் கண்டு கற்றனவே பல. பாட்டி கைப்பிடித்துச் சந்நிதிக்குச் செல்லும் குழவி, ஐந்தெழுத்தின் பொருளறியாது. எனினும் அவள் கைகுவித்த அளவிலே தானும் குவிக்கின்றது. அவள் நெற்றியிற் பூசக் கண்டு தன் நெற்றியிலும் நீற்றை அப்பிக்கொள்கின்றது. மற்றொரு குழவி, தகப்பன் மாலைதோறும் தள்ளாடி வருதலையும், வந்தபின் தாயை அடித்தலையும், மறுநாட் காலை அதனை ஒருவரும் பேசாதிருத்தலையும் காண்கின்றது. இவ்விரண்டு குழவிகளும் பள்ளியிற் சேருமுன்னரே முதற்பாடத்தைக் கற்று முடித்தன. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டூரா என்பாரும் அவர்தம் துணைவரும் செய்த ஆய்வும் இதனையே காட்டிற்று. காற்றடைத்த பொம்மையொன்றைப் பெரியவர் ஒருவர் அடித்தும் உதைத்தும் வைவதைக் கண்ட சிறுவர், தனியே விடப்பட்டபொழுது அவ்வாறே அடித்தனர். அதனைக் காணாத சிறுவர் அவ்வளவிற் செய்திலர். அடியென்று அவர்க்கு ஏவினார் ஒருவருமிலர். கண்டதே ஏவலாயிற்று.

கண்டு கற்றது பலகாற் செய்யப்படுதலாற் பழக்கமாகின்றது. இதற்கு எத்துணைக் காலம் வேண்டும்? நோன்பிற்கும் மருந்திற்கும் ஒரு மண்டலம் என நாற்பத்தெட்டு நாளை வகுத்தல் தமிழ்நாட்டு வழக்கு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 96 பேர் நண்பகலுணவோடு ஒரு கனி உண்டல், மாலையுணவிற்குமுன் சிறிது ஓடுதல் போல்வனவற்றுள் ஒன்றை ஏற்று 84 நாள் பயின்றனர். அச்செயல் நினையாமலே நிகழும் நிலையை எய்தச் சிலர்க்கு 18 நாள் போதியதாயிற்று. சிலர்க்கு 254 நாள் ஆகுமெனக் கணக்கிடப்பட்டது. நடுத்தர அளவு 66 நாள். எளிய செயல் விரைவிற் படிந்தது. அரிய செயல் மெல்லப் படிந்தது. அவ்வாய்விற் போந்த மற்றோர் உண்மை பெரிதும் ஆறுதல் தருவது: இடையில் ஒருநாட் செயல் தவறியதனாற் பழக்கம் கெட்டொழியவில்லை. தவறிய மறுநாளும் தொடர்ந்தவர்க்கு அது வளர்ந்தே வந்தது. ஆகமங்கள் நித்தியத்திற் குறை நேர்ந்தவழிப் பிராயச்சித்தம் விதித்தனவேயன்றி, இனி நின் பூசையே வேண்டாவென்று கைவிடாமையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒருநாள் வழுவியவனை நோக்கி, ‘நீ இவ்வளவினன்தான்’ என்று இகழ்பவர், அவனை வழுவிய இடத்திலேயே இருத்திவிடுகின்றனர்.

இனித் தலைவிதி என்பார் கூற்றை ஆராய்க. வினை முத்திறப்படும். ஈட்டிக் கிடந்தது சஞ்சிதம். இப்பிறவிக்கு நுகர்ச்சியாக வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். பிராரத்தம் இன்பதுன்ப நுகர்ச்சியைத் தரும். வறுமையும் நோயும் கடும்உழைப்பும் அவ்வழி வரினும் வருக. வறுமை வந்தவிடத்து அதனைக் குடியால் மறைத்தலோ, பொறுத்து உழைத்து மீளுதலோ இப்பொழுது செய்யப்படும் வினை, அஃது ஆகாமியம். அனைத்தும் முன்னரே எழுதப்பட்டதாயின் விதிவிலக்குக் கூறும் நூல்களும், தீக்கை செய்யும் ஆசிரியரும், அருளும் இறைவனும் வேண்டப்படார். மேலும், பிறன் துன்பத்தைக் கண்டு ‘அவன் விதி’ என்று வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் பயன் உண்டு. விதியென்னும் சொல்லைத் தன் துன்பத்தைப் பொறுத்தற்குப் பயன்படுத்தினான் அடியவன். பிறர் துன்பத்தைப் பொறுத்தற்குப் பயன்படுத்துபவன் அடியவன் ஆகான்.

மனவுறுதியின்மையே காரணமென்பார் கூற்று அடுத்தது. உறுதி வேண்டுமென்பது மெய். ஆயினும் உறுதியும் சார்பின்றி நில்லாது. இதற்குச் சான்றாவதொரு வரலாறு உண்டு. வியத்நாம் போரிற் புகுந்த அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஆங்கு ஹெராயின் என்னும் கொடிய மயக்குப்பொருளுக்கு அடிமைப்பட்டிருந்தனர். 1971-இல் தாயகம் மீண்டோரை லீ ராபின்சு என்னும் அம்மையார் தொடர்ந்து ஆய்ந்தார். அடிமைப்பட்டிருந்தோருள் மீண்டபின் ஓராண்டிற்குள் திரும்பவும் அடிமையாயினோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. அப்பொருளின் கொடுமை நன்கறிந்தோர்க்கு இது பெருவியப்பாயிற்று. போர்க்களத்து அச்சமும், வேலையற்ற பொழுதும், அப்பொருளை எளிதின் நீட்டிய கைகளும் நீங்கின. வீடும் தொழிலும் சுற்றமும் வந்து சூழ்ந்தன. மாறியது இடமும் இனமும். அவை மாறவே பழக்கமும் மாறிற்று. இதனை மறுதலையாகவும் காண்க. மருத்துவமனையிற் குடிநீங்கித் திரும்பியவன், அதே தெருவில், அதே மாலைப்பொழுதில், அதே தோழரிடையே விடப்படுவானாயின் அவன் மீண்டும் வீழ்தல் வியப்பன்று. பெருங்காயத்தை எடுத்துவிட்டபின்னும் செப்பில் அதன் நாற்றம் நிற்றல்போல, விட்ட பழக்கத்தின் வாதனை உடம்பில் நிற்கும்.

இக்காரணத்தாற்போலும், சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் கைவந்தவரையும் அன்பரோடு கூடியிருக்குமாறும், திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுமாறும் பணித்தது. மலம் கழுவப்பெற்ற ஞானிக்கே வாதனை தாக்காமைக்கு நல்லிணக்கம் வேண்டுமெனின், கரும்பு வெட்டிக் கை காய்த்துக் கூலியோடு மாலையில் தனித்துத் திரும்பும் ஏழை, தன் மனவுறுதி ஒன்றனையே கோலாகக் கொண்டு நடப்பானென எதிர்பார்த்தல் எத்துணை அறியாமை! குடிக்கு அடிமைப்படுதல் ஒரு நோயென இக்கால மருத்துவ நூலார் துணிந்துள்ளனர். நெடுநாட் பெருங்குடி குடித்தவன் அதனைத் திடீரென நிறுத்துங்கால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிர்க்கே இடையூறாதலும் உண்டு. ஆதலின் அவனை ஓரறையிற் பூட்டிவைத்தலும், ஊரார்முன் நிறுத்திச் சத்தியம் வாங்குதலும் போதா. மருத்துவர் துணை முதற்கண் வேண்டும். சுற்றத்தார் துணை அதன்பின் நெடுங்காலம் வேண்டும்.

விற்றவர் குற்றமே என்பார் கூற்று மூன்றாவது. நஞ்சு விற்றவன் கொலைஞனே. அவனை அரசு ஒறுத்தல் அறம். மதுவிலக்குச் சட்டமும் ஒரு சார்பை நீக்குவதே. கல்வராயன் மலையின் மேற்பால் அமைந்த சேலம் மாவட்டத்திலேயே 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது, 1948-இல் அது மாகாணமெங்கும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, 2003-க்குப்பின் அரசின் நிறுவனமே சில்லறையாகவும் மது விற்பதாயிற்று. இவ்வேறுபாடுகளுக்கிடையே மாறாது நின்றது ஒன்று: அம்மாலைப்பொழுது. கடை மூடினும் திறப்பினும், நொந்த உடம்பும் வெறுமையான பொழுதும் அவ்வண்ணமே இருந்தன. நீக்கப்பட்ட சார்பினிடத்தில் வேறொரு நற்சார்பு வைக்கப்படாதவழி, உயிர் மறைவிற் சென்று பழைய சார்பையே தேடும். உயிர் சார்பின்றி நில்லாது. பாசச்சார்பை விடுவிப்பது பதிச்சார்பே என்பது சித்தாந்தம். விலக்கு மட்டும் போதாது, விதியும் வேண்டும்.

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த வரலாறு நடுநாட்டிலேயே நிகழ்ந்தது. திருவாமூரிற் பிறந்த திலகவதியார் திருவதிகையில் வைகித் திருக்கோயிலை நாடோறும் அலகிட்டார், மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். வேறு நெறியிற் சென்ற தம்பியார் பொருட்டு அவர் எவரோடும் வாதிட்டதாகச் சேக்கிழார் கூறிற்றிலர். இறைவன்பால் முறையிட்டார்; தம் பணியை இடைவிடாது செய்தார். தம்பியார் சூலையால் வருந்தி ஆளனுப்பியபொழுது அம்மையார் தாம் ஆண்டுச் செல்லாமல் அவரையே வரச்செய்தார். இரவில் தமக்கையார் இருந்த இடத்தை வந்தடைந்த மருள்நீக்கியாரை, இத்தனை நாள் எங்கிருந்தாய் என்று கடிந்தாரில்லை, திருநீறு அளித்தார், வைகறையில் தாம் அலகிடச் செல்லுங்கால் உடன் அழைத்துச் சென்றார். இடம் மாறிற்று; இனம் மாறிற்று; செய்வதற்கொரு தொழிலும் வாய்த்தது. அன்று தொடங்கிய வாழ்வே நாவுக்கரசரின் உழவாரப்பணியாய் முதுமையளவும் நீண்டது. புல்செதுக்கும் அக்கருவி அவர் கையினின்று நீங்காமை, ஒழுக்கமென்பது கையினாற் காக்கப்படுவது என்பதைக் காட்டும்.

அற்றேல் உயிர்க்கென உரிமை ஒன்றுமில்லையோ, பிறர் வைத்தவாறே கிடக்கும் பளிங்குதானோ எனின், அன்று. பளிங்கு சடம், உயிர் இச்சை, ஞானம், கிரியை உடையது. அது தனித்து நிற்கமாட்டாது. ஆயினும் எதனைச் சார்வது என்பதில் அதற்கு முயற்சி உண்டு. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக்குயவனார் இளமைப் பிழையொன்று செய்தார். மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுக்க, அவ்வொரு சொல்லைப் பற்றி முதுமை எய்துமளவும் ஒருமனைக்கண்ணே இருந்தும் தீண்டாது வாழ்ந்தார். இது பேருறுதியே. எனினும் அவர் தம் உறுதியையே நம்பி நின்றாரல்லர். தாம் அன்பு வைத்த திருப்பெயரைச் சார்ந்து நின்றார். உறுதியாவது மேலான சார்பொன்றை விடாது பற்றுதல் என்க. கீழ்ச்சார்பில் அழுந்தியவனுக்கோ மேற்சார்பு கண்ணிற் படுவதில்லை. அதனை அவன் இருக்குமிடத்திற்குக் கொண்டுசெல்லுதல் அருகிலிருப்போர் கடன். இங்ஙனம் கொள்ளவே, மூவர் கூற்றும் ஒரு நெறிப்படும்: சார்வது அவன் செயல்; சார்பு அமைத்தல் ஊரார் செயல்; ஆதலின் அவன் வீழ்ச்சியில் ஊரார்க்கும் பங்கு உண்டு.

அப்பங்கு சிறிதன்று. கல்வராயன் மலைவாழ் மக்கள் 1976-ஆம் ஆண்டு வரையில் சாகிர்தாரர்க்குக் கூலியின்றி உழைக்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். கல்வியும் மருத்துவமும் வழியும் காலங்கடந்தே மலையேறின. நல்ல பிழைப்பு எட்டாதபடி வைக்கப்பட்டவரிற் சிலர் தீய பிழைப்பைப் பற்றியவழி, அவர்தம் குலத்தின்மேல் அதனை ஏற்றிப் பழித்தல் அறமாகாது. ஊர்க்கண்ணும் அவ்வாறே. கோயிலின் வாயிலும், ஓதுமிடத்துத் திண்ணையும், பந்தியில் ஓரிடமும் நெடுங்காலம் மறுக்கப்பட்டவர்க்குக் குடிமனை ஒன்றே இருக்கை தந்ததாயின், நல்லிணக்கத்தை மறுத்தவர் தீயிணக்கத்தைக் கொடுத்தவரே ஆவர். சிற்றினம் சேராதே என்று ஒருவனுக்கு உபதேசிப்பவர், தாம் அவனைச் சேர்த்துக்கொள்ள ஒருப்பட்டாரா என்பதை முதற்கண் வினவிக்கொள்ளல் வேண்டும்.

இனி நற்பழக்கம் அமைக்கும் முறை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) நான்காம் பாலபாடத்திற் கள்ளுண்ணலைக் கடிந்தெழுதினார். அவ்வளவில் நில்லாது, வைகறையில் எழுதல், பல் விளக்கல், நீராடல், திருநீறு தரித்தல், செபித்தல் என நாள் முழுவதற்கும் நிரல் வகுத்துச் சைவ வினாவிடையிலும் விளக்கினார். நூறு வெண்பாவான் அமைந்த ஆசாரக்கோவையும் துயிலெழுதல் தொடங்கி உண்டல், உறங்கல் ஈறாக இவ்வாறே உரைக்கின்றது. அதனை இயற்றிய பெருவாயின் முள்ளியார் ஒழுக்கத்திற்கு வித்தென்று கூறிய எட்டனுள் நல்லினத்தாரோடு நட்டலும் ஒன்று. முன்னோர் கண்ட நுட்பம் இது: ஒரு செயலை மற்றொரு செயலோடு கோத்தனர். எழுந்தால் நீராடல், நீராடினால் நீறு, நீறணிந்தால் ஐந்தெழுத்து, அதன்பின்னரே உணவு. முன்னது பின்னதை அழைத்து வருமாதலின் நினைவின் உழைப்பு குறைந்தது. உடற்றூய்மையும் நோயின்மையும் அதனோடு தாமே வந்தன. இலண்டன் ஆய்வினரும் உணவு முதலிய நாட்செயலோடு புதுச்செயலைக் கோத்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பொருளுணராது செய்யுஞ் செயல் வெறுஞ்சடங்கன்றோ, அன்பின்றிச் சரியை செய்தலாற் பயனென்னை என வினவுவார் உளர். திண்ணைப்பள்ளியில் முதன்முதல் மணலில் எழுதும் சிறுவனுக்கு அகரத்தின் பெருமை தெரியாது. ஆசிரியர் அவன் விரலைப் பற்றி எழுதுவித்தார். விரல் கற்றபின் கண் கற்றது. கண் கற்றபின் கருத்துக் கற்றது. சரியை முன்னும் ஞானம் பின்னும் வைக்கப்பட்டது இம்முறைபற்றியே. அன்பு வந்தபின் பணி செய்வேன் என்பான், நீந்தக் கற்றபின் நீரில் இறங்குவேன் என்பானை ஒக்கும். ஆயினும் விரலளவிலே நின்றுவிடுதல் கல்வியாகாமைபோல, நீறு பூசியும் பிறர் துயர்க்கு இரங்காமை சரியையாகாது.

நாட்பழக்கத்தின் பயன் இடர்வந்த பொழுதில் வெளிப்படும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்கண் உள்ள திருக்கோவலூரில் அரசுபுரிந்த மெய்ப்பொருள் நாயனார், அடியவர் திருவேடத்தைச் சிவமெனவே கண்டு வழிபடுதலை வாழ்நாளெல்லாம் பயின்றவர். பகைவனாகிய முத்தநாதன் அவ்வேடத்தோடு வந்து, புத்தகக் கவளிகையுள் மறைத்த படையாற் குத்தினான். அந்நொடியில் ஆராய்தற்குப் பொழுதேது? நாயனார் தொழுதார், கொல்ல வந்த தத்தனைத் தடுத்தார், பகைவனை ஊறின்றி எல்லை கடத்திவிடச் செய்தார். சாவுவேளையில் அவர் புதிதாக ஒன்றுஞ் செய்திலர்; நாடோறும் செய்ததனையே செய்தார். கருணாபுரத்துச் சாவுவீட்டிற் குடித்தவரும் நாடோறும் செய்ததனையே செய்தனர். இரண்டிடத்தும் பழக்கத்தின் ஆற்றல் ஒன்றே. ஒருவர்க்கு அமைந்த சார்பு மற்றவர்க்கு அமைந்திலது. இதனை எண்ணுந்தொறும் இகழ்ச்சி தோன்றுதற்கு இடமில்லை, இரக்கமே தோன்றும்.

ஆதலின் வடக்கனந்தல் போலும் ஊர்களிற் சைவநன்மக்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அம்மாலைப்பொழுதை வெறிதே விடாமை அது. உழைத்து வருவார்க்குக் கோயில்மண்டபத்தில் விளக்கு ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். குளிக்க நீரும், இருக்க இடமும், ஒரு பிடி உணவும், கூடிப் பாடத் திருமுறையும் இருத்தல் வேண்டும். வருவோன் நேற்றுக் குடித்தவனாயினும் இன்று வந்தான் என்று எண்ணி, பெயர்சொல்லி அழைத்து, அருகிருத்துதல் வேண்டும். ஒருநாள் வாரானாயின் மறுநாள் வீடுதேடிச் செல்லுதல் வேண்டும். மருத்துவர்பால் அழைத்துச் செல்லுதலும், அவன் மக்களைப் பள்ளியில் நிறுத்துதலும் அப்பணியின் பகுதியே. இது நாற்பத்தெட்டு நாளில் முடிவதன்று, முடியவேண்டுவதுமன்று.

கோமுகி இன்றும் ஓடுகின்றது. மலையடிவாரத்தில் வயலை நனைப்பதும் அந்நீரே. கள்ளக்குறிச்சியிற் சிதையடுக்கிய கரையைத் தொட்டுச் செல்வதும் அந்நீரே. அதனைத் திருப்ப ஒருவர் கையாற் கூடிற்றில்லை; பலர் கூடிக் கல் சுமந்தனர். மாந்தர் ஒழுக்கத்தின் பெருக்கும் அவ்வாறு பலர் கூடிச் சுமந்து திருப்புதற்குரியது. சுமப்பார்க்குச் சிவபெருமான் திருவருள் முன்னின்று துணைசெய்க.

சிவம்